வேறு ஊரில் முடியும் டிக்கெட்

அத்தியாயம் 17

போன வாரம் லிஃப்ட்காரரைச் சமையலறை நாற்காலியில், கையில் காகிதக் கட்டோடு உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து போய்விட்டோம். ஏழு நாளாக மனிதர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். கால் மரத்துப் போயிருக்கும். முதலில் அவரை எழுப்பிவிடுவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் இவர். பதினோரு வருடத்துக்கு முன் மனைவி இறந்தபோது, பதினான்கு வயது மகளோடு திகைத்து நின்றவருக்கு ஒத்தாசையாக இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தங்கை வந்தாள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

தங்கைக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடுகிறவள். அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்து ஏழு மாதம் நீடித்தது. அதை மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லியாயிற்று. மறுபடி சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. மகள் வளர்ந்து, நான்கு மணி நேர ரயில் தூரத்தில், துறைமுக ஊரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவள் பெயர் சின்னவள்.

அண்ணனும் தங்கையும் ஐரோப்பா போகிறார்கள். பதினாறு நாள். இந்த ஒரு முடிவுக்கு வரவே பன்னிரண்டு அத்தியாயம் பிடித்தது.

அதற்குப் பிறகு நான்கு அத்தியாயமாக நடந்த சண்டை டிக்கெட்டைப் பற்றியது. எந்த ஊரில் போய் இறங்குகிறோமோ அந்த ஊரிலிருந்துதான் திரும்பி வர வேண்டும் என்பது லிஃப்ட்காரரின் கட்சி. ரோமில் இறங்கினால் ரோமிலிருந்தே புறப்பட வேண்டும். ஏறின தண்டவாளத்திலேயே இறங்காத லிஃப்டை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. அவர் சொன்னால் கேட்க வேண்டிய ஆள்தான். பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் அவர் சரி செய்து கொடுத்த லிஃப்டின் தரையில், தளும்பத் தளும்ப ஒரு கிளாஸ் டீயை வைத்து மேலே அனுப்பினார்கள். கீழே வந்தபோது ஒரு சொட்டு சிந்தவில்லை. அரை அங்குலம் கூடியிருந்தது.

தங்கையின் கட்சி வேறு. ரோமில் இறங்கி, ஃப்ளாரன்ஸ், வெனிஸ், வியன்னா என்று ரயிலிலேயே மேலே போய்ப் பிராகில் முடிக்கிறோம். அங்கிருந்து மறுபடி ரோமுக்கு ஓடி வருவதென்றால் ஒரு பகலும் ஓர் இரவும் வீண். பார்த்த ஊரையே ஜன்னல் வழியாகத் திரும்பப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ரோமுக்குப் போய்ப் பிராகிலிருந்து திரும்புகிற மாதிரியே டிக்கெட் கிடைக்கும்போது எதற்கு அந்த அலைச்சல்?

அப்படிப்பட்ட டிக்கெட்டுக்கு அவள் தொழிலில் ஓப்பன் ஜா என்று பெயர். முதலை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பதுபோல, போகிற கோடும் வருகிற கோடும் ஒரு முனையில் சேர்ந்து மறுமுனையில் விலகி நிற்கும். விலகின இடத்தைப் பயணிதான் தன் பாட்டில் கடந்துகொள்ள வேண்டும். அவள் காகிதத்தில் முதலை வரைந்து காட்டினாள். அது ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது லிஃப்ட்காரர் இறங்கி வந்தார். உன் இஷ்டப்படியே போடு என்றார்.

இன்று சனிக்கிழமை. இடம் பிடித்து வைத்தாயிற்று. மாலை ஆறு மணிக்குள் டிக்கெட் அச்சாக வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். காலையில் தங்கை ஏழு பக்கப் பயணப் பட்டியலைச் சமையலறை மேஜைமேல் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, ஒன்பது மணி வேலைக்கு எட்டு மணிக்கே கிளம்பிப் போனாள்.

இங்கேதான் ஒரு கோளாறு நடந்தது.

பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் தங்கைக்கு அண்ணனைப் பற்றி ஒரு விஷயம் தெரியாது. அவர் எதையும் பின்னாலிருந்துதான் படிப்பார். லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால், பழுது பார்க்கிறவர்கள் போய் முதலில் பதிவேட்டை எடுப்பார்கள். கடைசி வரியிலிருந்து மேலே மேலே படிப்பார்கள். கடைசியாக என்ன நடந்ததோ அதில்தான் வியாதி இருக்கும். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். செய்தித்தாளையும் அவர் கடைசிப் பக்கத்திலிருந்தே பிரிப்பார். விளையாட்டுச் செய்தியில் அவருக்கு ஆசை என்று தங்கை இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முன்பக்கங்களில் அவருடைய பட்டியல். பின்பக்கங்களில் அவளுடையது. இரண்டு பேருக்கும் அதே விமானங்கள், அதே தேதி, பக்கத்துப் பக்கத்து இருக்கைகள். திரும்பி வரும்போது பிராகிலிருந்து புறப்பட்டு, நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்து விமானம் மாற வேண்டும். அதுவரைக்கும் எல்லாம் ஒன்று. கடைசி வரி மட்டும் வேறு. அவருடைய விமானம் வீட்டுக்கு வந்தது. அவளுடையது துறைமுக ஊருக்குப் போனது.

லிஃப்ட்காரர் அந்த வரியைத்தான் முதலில் படித்தார். போன வாரம் நாம் விட்டுவிட்டுப் போன நாற்காலியில் அவர் அப்படி உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணம்.

அச்சுப் பிழை என்று முதலில் நினைத்தார். தங்கை பிழை விடுகிறவள் இல்லை. ஒருமுறை வெளிநாட்டு விமான நிலையத்தில் வழி தவறின வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தபோது, ஐந்தாவது தூணில் இடது பக்கம் திரும்பச் சொன்னாள். இங்கே நான்கு தூண்தான் இருக்கிறது என்றார் அவர். அடுத்த மாதம் அந்த விமான நிலையத்தார் ஐந்தாவது தூணைக் கட்டினார்கள். அவளாவது, பிழை விடுவதாவது.

அப்புறம், மருமகளைப் பார்க்க இரண்டு நாள் போகிறாள்போல என்று சமாதானம் செய்துகொண்டார். அண்ணன் மகளை அவள் மருமகள் என்றுதான் சொல்வாள். சரி, அதையும் கேட்டுவிடுவோம் என்று சின்னவளுக்குப் போன் போட்டார்.

அவள் அலுவலகத்தில் இருந்தாள். அவர் அங்கே மழை எப்படி என்று விசாரித்தார். சாப்பிட்டாயா என்றார். மணி ஒன்பதே முக்கால்.

“அப்பா, மழையெல்லாம் விசாரிக்கிற ஆளா நீங்க? என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல. ஊரு சுத்திட்டு வர்றப்ப அத்தை உன்கிட்ட வர்றேன்னாளா?”

“இல்லையே. என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.” கொஞ்சம் யோசித்தாள். “போன மாசம் ஒண்ணு கேட்டாங்க. தனியா ஒரு ஆள் தங்குற மாதிரி ஒரு ரூம் வேணும், தெருவைப் பாத்து ஜன்னல் இருக்கணும்னு. யாரோ கஸ்டமருக்காம். நானும் ஒண்ணு பாத்துச் சொன்னேன். ஏன்ப்பா?”

“சும்மாதான்” என்றார் லிஃப்ட்காரர். வேலையைப் பார் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சமையலறையில் இரண்டு மணி நேரம் இருந்தார். தினமும் பகலில் அவர் தனியாக இருக்கிறவர்தான். தங்கை ஏழு மணிக்குத்தான் வருவாள். இந்த வீட்டின் மத்தியானம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் இன்று அவருக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஃபிரிட்ஜ் ஓடி நிற்கிற சத்தம், மாடி வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம், கட்டடத்து லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவு திறந்து மூடுகிற சத்தம். நம் மாடியில் நிற்கிறதா என்று அவரை அறியாமல் காது கேட்டுக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. நிற்க வேண்டிய நேரமும் அல்ல.

ரொட்டித் துண்டு இரண்டை வாட்டினார். தட்டு எடுக்கும்போது இரண்டாக வந்துவிட்டது. ஒன்றைத் திரும்ப வைத்தார். காலையிலிருந்து போனைத் தவிர எத்தனை வார்த்தை பேசியிருக்கிறோம் என்று கணக்கெடுத்துப் பார்த்தார். நான்கு. அதில் மூன்று ஃபிரிட்ஜிடம்.

அங்கே அலுவலகத்தில் தங்கை என்ன செய்துகொண்டிருந்தாள் என்று பார்ப்போம்.

அது மூன்றாம் மாடியில் நீளமான ஓர் அறை. ஐந்து மேஜை, ஐந்து கணினி, வாடிக்கையாளர் உட்கார ஐந்து நாற்காலி. சுவரில் எட்டுக் கடிகாரங்கள், உலகத்தின் எட்டு ஊர்களுக்கு. ஏழு நின்றுவிட்டன. உலகத்தில் எங்கேயாவது ஓர் இடத்தில் அந்த நேரமாகத்தான் இருக்கும் என்று முதலாளி பேட்டரி மாற்றவில்லை.

அந்த முதலாளிதான் துறைமுக ஊரில் ஒரு கிளை திறக்கிறார். பொறுப்பாளராக யாரைப் போடுவது என்று இரண்டு மாதம் யோசித்துவிட்டுத் தங்கையைக் கேட்டார். பயணம் முடிந்து வருகிற திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும். இன்று அலுவலகம் மூடுவதற்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் வேண்டும்.

அவளுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. யாருக்கும் உடம்பு சரியில்லை, யாரும் இறக்கவில்லை, யாருக்கும் ஒத்தாசை தேவையில்லை. இத்தனை வயதில் முதல்தடவையாக, ஒரு காரணமும் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போக ஆசைப்பட்டாள். தான் பூட்டினால் பூட்டியே இருக்கிற ஒரு கதவு. தான் வைத்த இடத்தில் இருக்கிற ஒரு கத்தரிக்கோல். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல்.

இதை எப்படி அண்ணனிடம் சொல்வது? நாக்கு எழவில்லை. ஆகவே கடைசிப் பக்கத்தில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள். அவர் படிக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. படித்துவிட்டால் நாம் சொன்னதாகிவிடும் என்று இன்னொரு நம்பிக்கை. இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் காலையிலிருந்து மூன்று பேருடைய பெயரைத் தப்பாக அடித்து, மூன்றையும் திருத்தினாள்.

பன்னிரண்டு மணிக்குப் பொறுக்க முடியாமல் வீட்டுக்குப் போன் செய்தாள்.

“பேரெல்லாம் சரியா இருக்காண்ணா?”

“சரியா இருக்கு.”

“எல்லாப் பக்கமும் பாத்தியா?”

“எல்லாப் பக்கமும் பாத்தேன்.”

அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் அவளுக்கும் கேட்டது. அவர் ஏதாவது சொல்வார் என்று அவளும், அவள் ஏதாவது சொல்வாள் என்று அவரும் காத்திருந்தார்கள். போன் கம்பெனிக்காரன்தான் லாபம் பார்த்தான்.

“சரி” என்றாள். “சாப்பிட்டுடு.”

படித்திருந்தால் இப்படிப் பேச மாட்டார் என்று ஒரு மணி வரை நினைத்தாள். படித்ததனால்தான் இப்படிப் பேசுகிறார் என்று மூன்று மணி வரை நினைத்தாள். நான்கரை மணிக்கு அலுவலகக் கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். கையில் காகிதக் கட்டு. பதினோரு வருடத்தில் அவர் இந்த அலுவலகத்துக்கு வந்தது இதுவே முதல் தடவை. வந்தவர், வாடிக்கையாளர் மாதிரியே வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் தேனிலவுக்குப் போகிற ஒரு ஜோடி இருந்தது. எந்தத் தீவு என்று அவர்களுக்குள் தகராறு. அது தீர அரை மணி நேரம் ஆயிற்று. ஆகிற வரைக்கும் அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் அந்த ஜோடிக்குத் தீவுகளைக் காட்டினாள். எந்தத் தீவைக் காட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அப்புறம் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

“முதலைக்கு ரெண்டு பக்கமும் வாய் இருக்கு பாப்பா” என்றார்.

பாப்பா என்பது அவள்தான். ஐம்பத்தாறு வருடமாக அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“அந்தப் பக்கம் ரோம்ல இறங்கி பிராக்ல ஏறுறோம். அதைச் சொன்னே. இந்தப் பக்கமும் நீ ஒரு ஊர்ல கிளம்பி வேற ஊர்ல இறங்குறே. அதை நீ வரையலையே.”

அவள் கணினித் திரையையே பார்த்தாள்.

“கடைசிப் பக்கத்துல போட்டிருந்தேன்.”

“நான் அங்கிருந்துதான் படிப்பேன்.”

“நீ விளையாட்டுச் செய்தி படிக்கிறேன்னு நினைச்சேன்.”

எந்த விளையாட்டும் தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். பக்கத்து மேஜைக்காரி காதைத் தீட்டிக்கொண்டு விசைப்பலகையைத் தட்டினாள். எழுத்து ஒன்றும் விழவில்லை.

தங்கை கிளையைப் பற்றிச் சொன்னாள். திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னாள். வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலிலேயே, தேதி, நேரம், முகவரி என்று வரிசையாகச் சொன்னாள். அந்தக் குரலில் சொன்னால் ஏதோ மூன்றாவது மனுஷி ஊர் மாறுகிற மாதிரி இருந்தது. அவர் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு ஒன்றுதான் கேட்டார்.

“அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “சின்னவ சொன்னாளா?”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கஸ்டமருக்குன்னு நினைச்சிட்டிருக்கா.”

“இருக்கு. தெருவைப் பாத்து.”

“நல்லது” என்றார். காகிதக் கட்டை நேராக்கி வைத்துவிட்டு, “என்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்” என்றார்.

“எத்தனையோ தடவை வந்தேன் அண்ணா. நான் வந்து நிக்கிறதுக்குள்ள நீ டீயைக் கலந்து கையில குடுத்துடுவே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

தான் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று அவர் கேட்க வந்தது முகத்திலேயே தெரிந்திருக்கும்போல. அவள் முந்திக்கொண்டாள்.

“உன்மேல கோபமா போகலை. கோபம் இருந்திருந்தா எப்பவோ போயிருப்பேன்.”

சுவரில் ஓடுகிற ஒரே கடிகாரம் ஐந்தேகால் காட்டியது. உள்ளறையிலிருந்து முதலாளி கண்ணாடிக் கதவு வழியாகத் தலையை நீட்டி, ஆறு மணி ஞாபகம் இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டுவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

எங்கே வைத்துச் சொல்வதாக இருந்தாய் என்று லிஃப்ட்காரர் கேட்டார். அந்த நடு விமான நிலையத்தில் என்றாள். அங்கே நான்கு மணி நேரம் இருக்கிறது, நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்தாளாம். அவர் அந்த நான்கு மணி நேரத்தை மனதுக்குள் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பெட்டி, இரண்டு காகிதக் கோப்பை. அப்புறம் ஒலிபெருக்கியில் அவளுடைய ஊர்ப் பெயர். அவள் ஒரு வாசலுக்கு, அவர் ஒரு வாசலுக்கு.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழிலாக இருந்தது. ஒருமுறை ஆறு பேர் ஒன்பது மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். அவர் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு சங்கம் ஆரம்பித்து, தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்ந்தெடுத்து, தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முடியும்வரை கதவை மூடச் சொன்னார்கள். அவர் மூடிவிட்டு வெளியே காத்திருந்தார். காத்திருக்கத் தெரிந்தவர்தான். ஆனால் இந்த நான்கு மணி நேரம் அவரால் முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“என் டிக்கெட்டை மாத்து” என்றார். “நான் ரோமுக்கே போய் அங்கிருந்து திரும்புறேன்.”

அவர் பழைய சண்டையை மறுபடி ஆரம்பிக்கிறார் என்று அவளுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. அதனால் வாடிக்கையாளர் குரலையே திரும்ப எடுத்துக்கொண்டு விளக்கினாள். பிராகில் காலையில் ரயில் ஏற வேண்டும். மத்தியானம் வியன்னா. அங்கே சாயங்காலம் வரை காத்திருந்து வேறு வண்டி. இரவு முழுவதும் ஓடி மறுநாள் காலை ரோம். அப்புறம் விமானம். ஒரு பகல், ஒரு இரவு, தன்னந்தனியாக. வயதானவர்களுக்கு அவள் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

“தெரியும். நாலு வாரமா நீ இதைத்தானே சொல்லிட்டிருக்கே.”

“அப்புறம் ஏன்?”

“ஏர்போர்ட்ல யாரும் யாரையும் வழியனுப்ப முடியாது பாப்பா. உள்ள போனா போனதுதான். ரயில்னா நீ பிளாட்பாரத்துல நிக்கலாம். வண்டி நகர்ந்தா நாலடி கூட நடந்து வரலாம்.”

அவள் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடினாள்.

“உன் ப்ளேன் எத்தனை மணிக்கு?”

“மத்தியானம்.”

“அப்ப நேரம் இருக்கு” என்றார். மேஜைமேல் காகிதத்தின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார். “ஒண்ணா பாத்த ஊரையெல்லாம் ஒருதரம் தனியா பாத்துட்டே வர்றேன். எங்கயாவது ஆரம்பிச்சுப் பழகணும்ல.”

பக்கத்து மேஜைக்காரி எழுந்து கழிவறைப் பக்கம் போய்விட்டாள். அங்கே அவளுக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை.

தங்கை திரையை இழுத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரோமிலிருந்து வருகிற விமானத்தில் அந்த மறுநாளைக்கு இடம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லாமல் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே தேடினாள். ஓர் இடம் இருந்தது. ஜன்னல் ஓரம். இந்த மாதிரி நேரத்தில் அது எப்போதும் இருக்கும்.

பிராகிலிருந்து வரும் வரிகள் இரண்டையும் அவருடைய பட்டியலிலிருந்து எடுத்தாள். ரோம் வரிகள் இரண்டைப் போட்டாள். மணி ஐந்து நாற்பத்தெட்டு. எல்லாம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் பாக்கி. அதில் அவள் விரல் நின்றது.

“என்ன அது?” என்றார் லிஃப்ட்காரர்.

தனித்தனி டிக்கெட்டாக இருந்தாலும் சேர்ந்து போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வைப்பார்கள் என்று அவள் சொன்னாள். இவரும் இன்னாரும் ஒன்றாகப் பயணம் செய்கிறார்கள், பிரிக்காதீர்கள் என்று விமானக் கம்பெனிக்குத் தெரிவிக்கிற வரி. ஒரு விமானம் ரத்தானால் இரண்டு பேரையும் ஒரே விமானத்தில் மாற்றி ஏற்றுவான். இருக்கையைப் பிரிக்க மாட்டான். வியாழக்கிழமை ராத்திரி அவர் சம்மதம் சொன்னதும், வெள்ளிக்கிழமை காலையில் வந்து முதல் வேலையாக அவள் அதைத்தான் எழுதியிருந்தாள்.

“அதை எடுக்கணுமா?”

“எடுத்தாத்தான் உன் டிக்கெட் அச்சாகும். ரெண்டும் இப்ப ஒத்துப்போகலை.”

“போறப்ப சேர்ந்துதானே போறோம்?”

“ஆமா.”

“அப்ப போறப்ப மட்டும்னு எழுது.”

“அப்படி எழுத அதுல இடம் இல்லண்ணா” என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் வாடிக்கையாளர் குரல் அவளுக்குக் கை கொடுக்கவில்லை.

அவர் தலையை ஆட்டினார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். முப்பது வருடமாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த வரியை எழுதியிருக்கிறாள், எடுத்திருக்கிறாள். கணவன் மனைவிக்கு, கூட்டாளிகளுக்கு, ஒருமுறை இரண்டு நாய்க்குட்டிகளுக்கு. ஒரு பொத்தான்தான்.

அவருடைய பட்டியலில் எடுத்தாள். தன் பட்டியலைத் திறந்து அதிலும் எடுத்தாள். இரண்டு பட்டியலிலும் முதல் வரியில் 1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெயர், அதற்குக் கீழே வெறும் இடம்.

ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு அவருடையது அச்சாயிற்று. ஐந்து ஐம்பத்தாறுக்கு அவளுடையது. முதலாளி வெளியே வந்து, அப்படியானால் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் கைகுலுக்கப் போனவர், எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை அப்படியே கொண்டுபோய்த் தன் தலையைச் சொறிந்துகொண்டார்.

அப்போது லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தார். கேட்டார். ஒரு நிமிடத்துக்கு மேலாகவே கேட்டார். அப்புறம் போனை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

“சின்னவ” என்றார். “காலைல என் குரல் சரியில்லையாம். லீவு போட்டுட்டு மத்தியான ரயில்லயே கிளம்பி வந்துட்டா. வீட்டு வாசல்ல நிக்கிறா. அரை மணி நேரமா கதவைத் தட்டிட்டிருக்காளாம்.”

தங்கை நாற்காலியின் முதுகில் தொங்கிய கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

“வீட்டுல யாருமே இல்லையான்னு கேக்குறா” என்றார் லிஃப்ட்காரர். போனை இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் நீட்டினார். உள்ளே, ஹலோ ஹலோ என்று சின்னவளின் குரல் மெல்லிசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”